ஜிம்னியை உயர்த்தலாமா?

தேக்காவிலிருந்து ரோச்சோர் பக்கம் பொடிநடையாகப் போனால் ஆல்பர்ட் சென்டர் வந்துவிடும். அங்கே 270, 271ஆம் புளோக்குகளுக்கு அடியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அதன் நுழைவாயில் உயரம் 1.80 மீட்டர். எஸ்யூவிக்கு பாடி லிஃப்ட் போடலாமா என்று யோசிக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் வேறு எதையும் விசாரிக்கும் முன் இந்த எண்ணை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இங்கே அந்த ஆசையைக் கிளப்பும் வண்டிகளில் சுஸுகி ஜிம்னி முக்கியமானது. சின்ன வண்டிதான், ஆனால் உண்மையான காட்டு வண்டியின் எலும்புக்கூடு கொண்டது. அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸி), அதன்மேல் ரப்பர் மெத்தைகளில் பாடி. பாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கியால் தூக்கி, இடையில் நைலான் அல்லது அலுமினியக் கட்டைகளைச் செருகி, நீளமான போல்ட்டுகளால் மறுபடி முடுக்குவதுதான் பாடி லிஃப்ட். வழக்கமாக ஓர் அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம்வரை உயர்த்துவார்கள். ஹோண்டா வெசல், டொயோட்டா ஹாரியர் போன்றவற்றில் பாடியும் சட்டமும் ஒரே கட்டமைப்பு என்பதால் இந்த வேலைக்கே இடமில்லை.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாடி லிஃப்ட் போட்டால் வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. ஜிம்னியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். கல்லில் முதலில் இடிக்கும் டிஃபரன்ஷியல் அச்சோடு சேர்ந்தது, கட்டை வைப்பதால் அது நகர்வதில்லை. கிடைப்பதெல்லாம் சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் காலியிடம். அந்த இடத்தில் பெரிய டயரைப் போட்டால்தான் அச்சு உயரும். 195/80 ஆர் 15 டயரை எடுத்துவிட்டு 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 40 மில்லிமீட்டர் கூடும், அச்சு அதில் பாதி, அதாவது 20 மில்லிமீட்டர் உயரும். இரண்டு சென்டிமீட்டருக்காக ஐந்து சென்டிமீட்டர் (இரண்டு அங்குலம்) கட்டை!

இப்போது கூட்டிப் பாருங்கள். ஜிம்னியின் உயரம் ஏறத்தாழ 1.72 மீட்டர். கட்டை 5 சென்டிமீட்டர், டயரால் 2. மொத்தம் 1.79. ஆல்பர்ட் சென்டர் வாசலில் மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர். கூரையில் ரேக் மாட்டினால் அதுவும் போச்சு. இன்னொன்றையும் கவனியுங்கள். குடும்பமும் சாமான்களுமாக உள்ளே நுழையும்போது ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழ்ந்திருக்கும். எல்லாரையும் இறக்கிவிட்டுத் தனியாக வெளியே வரும்போது அதே வண்டி நிமிர்ந்து நிற்கும். எல்லா இடமும் இவ்வளவு தாழ்வில்லை. அல்ஜுனிட் கிரெசண்ட் 98ஏ புளோக்கின் பலமாடி நிறுத்துமிடத்தில் 2.10 மீட்டர்வரை போகலாம். ஆனால் நீங்கள் தினமும் போகும் இடம் எது என்பதுதான் கேள்வி.

வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்த நினைப்பவர்களும் உண்டு. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோடும், 2021 ஏப்ரலில் புக்கிட் தீமா, டனர்ன் ரோடு பகுதிகளும் மூழ்கியதைப் பார்த்தவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ், புகைக்குழாய் எல்லாம் சேஸியோடு பழைய உயரத்திலேயே இருக்கும். கதவின் அடிவிளிம்பு மட்டும் சற்று மேலே போகும். அந்த நம்பிக்கையில் தண்ணீருக்குள் வண்டியை விடுவது எஞ்சினைப் பணயம் வைப்பது.

பாடியை ஏற்றினால் கூடவே நீட்டிக்க வேண்டியவை வரிசையாக வரும்: ஸ்டியரிங் தண்டு, பெட்ரோல் ஊற்றும் குழாய், சில வண்டிகளில் பிரேக் குழாய்களும் கியர் கம்பியும். முகப்பு விளக்கும் பாடியோடு மேலே போவதால் அதன் ஒளியைத் தாழ்த்திச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முன்மூடியும் (பானெட்) கூடவே உயரும். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஆட்கள் எந்த இடைவெளியிலிருந்தும் சாலைக்கு வருவார்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 2023 நவம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலத்துக்கு உட்பட்ட சரிந்த முகப்பு கொண்ட வண்டியைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம். நெரிசலான நகரத்தில் முன்மூடியை வேண்டுமென்றே உயர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுப் பெரியவர்களையும் நினைக்க வேண்டும். மூன்று கதவு ஜிம்னியில் முன்னிருக்கையை மடக்கித்தான் பின்னால் ஏற முடியும். முழங்கால் வலியோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் புறப்படும் அம்மாவுக்கு இன்னும் ஏழு சென்டிமீட்டர் ஏற்றம் சின்ன விஷயமல்ல. ஜிம்னி அடங்கும் ஏ பிரிவின் வாகன உரிமைச் சான்றிதழ் 2023 அக்டோபரில் 106,000 வெள்ளிக்குப் போனது. அந்த விலை கொடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் ஒரே கார்தான், கோயிலுக்கும் கடைக்கும் அதேதான்.

சட்டத்துக்கு வருவோம். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: கூடவே கூடாதவை, அனுமதி பெற வேண்டியவை, அனுமதி தேவையில்லாதவை. பாடியின் பிணைப்பையும் ஸ்டியரிங்கையும் தொடும் வேலையை ரிம் மாற்றுவதுபோல் நினைத்துவிடக் கூடாது. பட்டறைக்காரரின் வாய்மொழி உறுதி போதாது. ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். விதிமீறிய மாற்றத்துக்கு முதல் குற்றத்தில் 5,000 வெள்ளிவரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டு கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். சத்தமிடும் புகைக்குழாயைச் சோதனைக்கு முன் கழற்றி, பிறகு மறுபடி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். பாடியை இறக்குவது அப்படி ஒரு மத்தியான வேலையல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்தால் விபத்து நாளில் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும்.

சிங்கப்பூருக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால், வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. காஸ்வேயைக் கடந்து ஜோகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகளில் இறங்குபவர்களுக்கும் நான் முதலில் கட்டையைச் சொல்ல மாட்டேன். அடிப்பகுதிக்கு இரும்புக் காப்புத் தகடு, பழைய அளவிலேயே சேற்றுக்கேற்ற டயர், ஒரு சிறு காற்றுப் பம்பு போதும். இளகிய மண்ணில் டயர் காற்றைக் குறைத்தால் தரையைப் பற்றும் பரப்பு கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும், வேகமெடுக்கும் முன், காற்றை மறுபடி பழைய அளவுக்கு நிரப்பிவிட வேண்டும்.