நின்ற கோலத்தில் கடல் கடக்கும் கிரேன்

2023 அக்டோபரில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதன்முதலாக வந்த கப்பலில் கண்டெய்னர் சரக்கு கிடையாது. ஷென் ஹுவா 15 என்ற அந்தச் சீனக் கப்பல் சுமந்து வந்தது கண்டெய்னர்களைத் தூக்கப்போகும் கிரேன்களை. அவை பாகம் பாகமாகப் பிரிக்கப்படாமல், பூட்டி முடித்த நிலையில் மேல்தளத்தில் நின்றபடியே கடல் கடந்தன. சீனக் கிரேன்கள் உலகச் சந்தையைப் பிடித்ததற்குக் குறைந்த கூலிதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். அந்தக் கப்பலைப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை.

கப்பலிலிருந்து கண்டெய்னரை இறக்கும் கிரேன் அமெரிக்காவில் பிறந்தது. பேசெக்கோ நிறுவனம் 1959இல் கலிபோர்னியாவின் அலமேடாவில் முதல் கிரேனை நிறுவியது. கிரேனைத் துண்டுகளாகக் கொண்டுபோய் துறைமுகத்திலேயே பூட்டினால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கப்பல் அணையும் இடம் முடங்கிக் கிடக்கும். 1992இல் ஷாங்காயில் ஷென்ஹுவா நிறுவனத்தைத் தொடங்கிய குவான் தொங்சியான், கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் தன் பொறியியல் வேலையாகவே எடுத்துக்கொண்டார். பழைய கப்பல்களை வாங்கிக் கிரேன் சுமக்கும்படி மாற்றியமைத்தார். ஆயிரம் டன்னைத் தாண்டும் இரும்புக் கோபுரத்தைத் தரையிறக்குவது நுட்பமான வேலை. கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கப்பலின் தொட்டிகளில் நீரை நிரப்பியும் வெளியேற்றியும் மேல்தளத்தைக் கரைமட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு கிரேன் தண்டவாளத்தில் மெல்ல உருண்டு கரையேறுகிறது.

ஷென்ஹுவா அரசு நிறுவனம், உருக்கு சீனாவில் மலிவு, மோட்டார்களும் மின் கட்டுப்பாட்டுக் கருவிகளும் நெடுங்காலம் ஐரோப்பாவிலிருந்தே வந்தன என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் மலிவு மட்டுமே பலமென்றால், 2002இல் திறந்த ஹாம்பர்க்கின் ஆல்டன்வெர்டர் முனையம் இவர்களிடம் கிரேன் வாங்கியிருக்காது. அங்குள்ள கிரேனில் இரண்டு தள்ளுவண்டிகள். ஒன்று கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கிக் கிரேனிலேயே உள்ள மேடையில் வைக்கும். மற்றது அதை எடுத்து, ஓட்டுநரில்லாத வண்டியின் மேல் இறக்கும். இத்தகைய தானியங்கி முனையத்தை முதலில் கண்டது ரோட்டர்டாம்தான், 1993இல். சீனா கண்டிப்பான வாடிக்கையாளர்களிடம் வேலை செய்து கற்றுக்கொண்டது. 2017 டிசம்பரில் ஷாங்காயின் யாங்ஷான் நான்காம் கட்டத் தானியங்கி முனையம் திறந்தபோது, அந்தப் பாடம் சொந்த மண்ணுக்கே வந்து சேர்ந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கற்றல்தான். எந்த மானியமும் அதைத் தனியாக வாங்கித் தந்துவிடாது.

இன்று அமெரிக்கத் துறைமுகங்களில் கரையோரம் நிற்கும் கண்டெய்னர் கிரேன்களில் ஏறத்தாழ 80 சதவீதம் சீனத் தயாரிப்பு. தொலைவிலிருந்தே இயக்கக்கூடிய இயந்திரம் என்பதால் பாதுகாப்பு குறித்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. 2024இல் அமெரிக்கா இவற்றுக்கு 25 சதவீத வரி விதித்தது. வரி போட்டால் விலை ஏறும். பட்டறையும் பழகிய கைகளும் உடனே முளைத்துவிடாது. அதே ஆண்டு, கிரேன் உற்பத்தியை மறுபடி அமெரிக்காவுக்குக் கொண்டுவர அந்த அரசு முன்னிறுத்தியது பேசெக்கோவைத்தான். இப்போது அந்த நிறுவனம் ஜப்பானின் மிட்சுயி குழுமத்துக்குச் சொந்தம்.