செவ்வாய்க்கிழமைப் புனிதர்

நல்ல காரியத்துக்கு நம்மவர்கள் தவிர்க்கும் கிழமை செவ்வாய். உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களிலோ அன்றுதான் கூட்டம். மொட்டை போட வருபவர்களில் இந்துக்களும் உண்டு.

அந்தோணியார் 1195 வாக்கில் லிஸ்பனில் பிறந்தவர், இயற்பெயர் பெர்னாண்டோ. அகுஸ்தீன் சபைத் துறவியாக இருந்தவரை, மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் உலுக்கின. 1220-இல் அவர்கள் சபையில் சேர்ந்து, தாமும் மொராக்கோ போனார். நோய் அவரைத் திருப்பி அனுப்பியது; காற்று கப்பலைச் சிசிலிக்குத் தள்ளியது. இத்தாலிக்கு ஒரு பெரும் பிரசங்கியார் கிடைத்தது அந்தக் காற்றின் தயவால்தான்!

1231 ஜூன் 13-இல் பதுவை அருகே இறந்தார். அடக்கம் ஒரு செவ்வாயன்று. கிழமைக்குக் காரணம் அதுவே. ஓராண்டுக்குள் புனிதர் பட்டம்.

போர்த்துக்கீசியர் வழியே நம் கடற்கரைக்கு வந்தவர், மீனவர்களின் காவலரானார். கச்சத்தீவில் ஆண்டுதோறும் அவர் திருவிழாவுக்குத் தமிழகப் படகுகளும் இலங்கைப் படகுகளும் ஒரே கரையில் ஒதுங்குகின்றன.