இடுப்பு நோவும் இயன்முறைச் சிகிச்சையும்

வலையும் பெட்டியும்

தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக் கரைக்கு வள்ளங்கள் வந்தடையும் வேளையில், நனைந்து கனத்த வலையைக் குனிந்தவாறே இழுத்தும், மீன் நிறைந்த ஐஸ் பெட்டியை இருவராகத் தூக்கி இடுப்பைத் திருப்பி வண்டியில் ஏற்றியும் உழைக்கின்ற தொழிலாளரை உற்று நோக்குவோர்க்கு, இவர்களுள் அநேகர் நடு வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதன் காரணம் எளிதில் விளங்கும். குனிதல், சுமத்தல், திரும்புதல் ஆகிய மூன்றும் ஒரே க்ஷணத்தில் சேரும்போது முதுகின் அடிப்பகுதி தாங்கும் பாரம் மிகுகிறது.

படுத்திருப்பது பரிகாரமா?

பன்னிரண்டு வாரங்களைக் கடந்தும் நீடிக்கும் நோவையே நாட்பட்டது என்கிறது வைத்திய சாஸ்திரம். இடுப்பு நோவு உடையோரில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டத்தக்க கோளாறு எதுவும் காணப்படுவதில்லை. ஆயினும் வலி மெய்யே. வலிக்கு அஞ்சி அசையாமல் கிடப்பவரின் தசைகள் மெலிய, மெலிந்த தசை சிறு வேலைக்கே நோவ, அந்நோவு மேலும் அச்சத்தை வளர்க்கிறது. 1986ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டெயோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், புதிதாக முதுகு நோவு கண்டவர்களுள் இரண்டு நாள் மட்டும் படுத்திருக்கச் சொல்லப்பட்டோர், ஏழு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டோரைக் காட்டிலும் விரைவில் வேலைக்குத் திரும்பினர். நாட்பட்ட நோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தேகாப்பியாசத்தையே பரிந்துரைக்கிறது. பலர் நம்பிக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையை அது வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை.

அப்பியாசம் செய்யும் விதம்

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, உள்ளங்கால்களைத் தரையில் ஊன்றி, வயிற்றை மெல்ல இறுக்கி, தோளிலிருந்து முழங்கால்வரை நேர்கோடாகும்படி இடுப்பை உயர்த்தி, மூச்சை அடக்காமல் சில விநாடி நிறுத்திப் பின் இறக்குவதே தொடக்கத்திற்குப் போதுமானது. செய்யும்போது சற்றே வலித்தால் பாதகமில்லை. மறுநாள் காலையில் வலி முன்னிலும் அதிகரித்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். சில வாரங்களில், வெறும் பெட்டியை உடலோடு ஒட்டிப் பிடித்து, இடுப்பில் மடிந்து முழங்காலை வளைத்துத் தூக்கவும், திரும்புவதற்குப் பாதத்தையே எடுத்து வைக்கவும் பழகி, பிறகு அரைப்பெட்டி ஐஸ், அதன்பின் முழுப்பெட்டி என்று முன்னேறலாம். இப்படிப் படிப்படியாகத் தொழிலுக்கே திரும்புவதுதான் இச்சிகிச்சையின் இலட்சியம் என்பது என் திடமான அபிப்பிராயம். வீட்டைவிட்டு நடமாட இயலாதோரை, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வந்து பார்க்கிறார்.

சங்கு குளிப்போர் கவனத்திற்கு

காலில் பலமின்மை, ஆசனப் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல், விடாத காய்ச்சல் ஆகியவற்றோடு வரும் நோவுக்கு அப்பியாசம் உரியதன்று. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். குழாய்க்காற்றைச் சுவாசித்து ஆழத்தில் சங்கெடுத்து மேலேறிய ஒருவருக்குச் சிறிது நேரத்தில் முதுகு வலித்துக் கால் தளருமாயின், அது இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் குமிழிகள் தோன்றியதன் விளைவாக இருக்கக்கூடும். அவருக்குப் பிராணவாயு அளித்து, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை. வலி தணியுமென்று மீண்டும் நீரில் இறக்குவது உயிருக்கே அபாயம்.