படத்தைக் காட்டுவோம், இடத்தைச் சொல்ல வேண்டாம்

பறவை, விலங்குகளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவுக்கோ பெலும் காட்டுக்கோ போக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெலும் போக முடிந்தால் போகத்தான் வேண்டும். மலேசியாவில் வாழும் 10 வகை இருவாச்சிகளும் பெலும்-தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. ஆனால் அதற்கு விடுப்பு, படகு, பணம் எல்லாம் வேண்டும். பேராக்கின் தென்பகுதியில் உள்ள சிலிம் ரிவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

வார நாட்களில் வானொலியில் பேசுவது என் வேலை. விடுமுறை கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு சிலிம் ரிவர் தோட்ட ஓரங்களில் நிற்பேன். என் மாமா அங்கே பால் மரம் சீவியவர். கேமராவைத் தொட்டதே இல்லை. ஆனால் எந்த மரத்துக்கு எந்தப் பறவை எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.

எலி வந்தது, கூகையும் வந்தது

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பல உயிர்கள் இடம் இழந்தன. சில உயிர்களுக்கோ புது வாழ்வு கிடைத்தது. செம்பனைப் பழத்தைத் தேடி எலி வந்தது. எலியைப் பிடிக்கக் கூகை வந்தது. நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகை குடியிருக்க வைத்த வீடு.

பகலில் எலி பிடிப்பது கருந்தோள் பருந்து. சாம்பலும் வெள்ளையுமான உடல், சிவந்த கண். இறக்கையை அடித்தபடி வானில் ஒரே இடத்தில் நின்று கீழே நோட்டம் விடும். புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல பறவை கிடையாது. ஷட்டர் வேகத்தை வினாடியில் 1000-இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமாக வைத்தால் இறக்கை கலங்காமல் பதியும். பெரிய லென்ஸ் இல்லையா? கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் இருக்கிறது. காலைப் பனி விலகுவதற்குள் எடுத்தால் கைப்பேசியே போதும்.

ஒன்று மட்டும் முக்கியம். தோட்டம் தனியார் நிலம். நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டே உள்ளே போங்கள்.

கூட்டை விட்டு விலகுங்கள்

நம் நாட்டுப் பறவைப் படக்கலையின் முன்னோடிகளில் ஒருவர் லோக் வான் தோ. கோலாலம்பூரில் 1915-இல் பிறந்தவர். ஈயமும் ரப்பரும் வளர்த்த செல்வந்தர் லோக் இயூவின் மகன். கேத்தே திரையரங்குகளை நடத்தியவர். இந்தியப் பறவை அறிஞர் சலீம் அலியோடு சேர்ந்து பயணம் செய்தவர். அவருடைய பறவைப் படங்கள் 1957-இல் நூலாக வந்தன.

அந்தக் காலத்துக் கேமராவால் தூரத்துப் பறவையை நெருக்கமாகப் பிடிப்பது கடினம். அதனால் கூட்டின் அருகே மறைவிடம் கட்டி, தாய்ப்பறவை திரும்பி வரும்வரை காத்திருப்பது வழக்கம். இன்று அதற்குத் தேவையும் இல்லை, நியாயமும் இல்லை. நாம் கூட்டருகே நிற்கும் நேரமெல்லாம் தாய் வெளியே நிற்கிறது. முட்டை வெயிலில் காய்கிறது, காகம் பார்த்துவிடுகிறது. பல போட்டிகளில் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதே இல்லை.

நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் மணல் தரையிலேயே வளை தோண்டி முட்டையிடும். நல்ல கோணம் தேடி நாம் வைக்கும் ஒரு காலடியில் அந்த வளை இடிந்துவிடலாம்.

"ஆணா, பெண்ணா?"

சில மாதங்களுக்கு முன் முராய் பத்து ஒன்றைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். தமிழில் சோலைபாடி என்பார்கள். இடத்தின் பெயரை எழுதவில்லை. அன்று இரவே முன்பின் தெரியாத மூவர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். மூவருக்கும் வேண்டியது இடம்தான். ஒருவர் மட்டும் கூடுதலாக, "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.

கூண்டுப் பறவைச் சந்தையில் நன்றாகப் பாடும் ஆணுக்குத்தான் விலை. மாமாவிடம் சொன்னேன். "படம் பார்க்கிறவன் அழகா இருக்குன்னு சொல்வான். பிடிக்கிறவன்தான் எங்கன்னு கேட்பான்" என்றார்.

இடம் கேட்பவர் எல்லாரும் வேட்டைக்காரர் அல்லர். ஆனால் யார் எவர் என்று நமக்குத் தெரியாது. ஆற்றங்கரைப் புதர்களில் பாடும் பாராவ்-பாராவ் பறவையைப் பாருங்கள். வைக்கோல் நிறத் தலை, இனிமையான குரல். அந்தக் குரலே அதற்கு வினையானது. தாய்லாந்தில் இது அழிந்துவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் இதை மிக அபாய நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. இன்று இதன் முக்கியப் புகலிடங்களில் ஒன்று, கட்டடங்கள் நெருங்கிய சிங்கப்பூர். காடு இருந்தும் பிடிப்பவர் கை ஓங்கிய இடத்தில் பறவை இல்லை.

நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இன்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வலையையோ கண்ணியையோ கண்டால் பெர்ஹிலித்தானிடம் புகார் செய்யலாம்.

நாம் செய்யக்கூடியவை

கைப்பேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வையுங்கள். அது இயங்கினால், எடுத்த இடத்தின் அளவுக்கோடுகள் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். படத்தின் பின்னணியில் கோவில் கோபுரமோ பெயர்ப்பலகையோ தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று எண்ணித்தான் ஆண் பறவை பதறி வருகிறது. பிடிப்பவர்களும் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள்.

பார்த்ததை எங்கேயும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதல்ல. ஈபேர்ட் தளத்தில் பதியலாம். பிடிபடும் ஆபத்துள்ள சில பறவைகளின் சரியான இடத்தை அது பொதுவில் காட்டுவதில்லை. ஆய்வுக்கு உங்கள் பதிவு பயன்படும்.

மற்றவர்கள் இடம் கேட்டால் நான் ஒரே சொல்லில் பதில் எழுதுகிறேன்: "பேராக்." அதற்கு மேல் கேட்பவரிடம், எந்தப் பறவையைப் பார்க்க விரும்புகிறார், ஏன் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பதில் சொன்ன இருவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிறார்கள். மாமா முன்னால் நடக்கிறார்.