வடக்கால திரும்பி, மேக்கால வாங்க



எங்களைப் பார்க்க வருகிற சிநேகிதர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. திருப்பூரிலிருந்து காங்கயம் சாலையில் வரும்போது, நகரம் எங்கே முடிந்து கிராமம் எங்கே தொடங்குகிறது? எங்களுக்கும் சரியான பதில் தெரியாது. ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்திலேயே பனியன் தைக்கிற பவர்டேபிள் கொட்டகை. அதற்கு அடுத்தாற்போல் கொப்பரை காய்கிற களம். எல்லாம் ஒரே குடும்பத்தின் சொத்தாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட ஊர்ப்புறத்தில் வாழ்வது எப்படி என்பதைத் தங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல விரும்புகிறோம். இரவு நேரத்தில் எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

முதலில் வழி. எங்கள் பக்கத்தில் இடது, வலது என்று சொல்லும் வழக்கம் குறைவு. "நேரா போயி வடக்கால திரும்பி, வேலா மரத்துக்கிட்ட மேக்கால வாங்க" என்பார்கள். வீட்டுக்குள்கூட, "அந்தக் கெழக்காலச் செவுத்துல மாட்டியிருக்கற சட்டைய எடு கண்ணு" என்றுதான் பேச்சு. சூரியன் உச்சியில் நிற்கும்போது வந்து சேர்ந்த விருந்தாளியின் பாடு திண்டாட்டம். எவ்வளவு தூரம் என்றால், "இதா, பக்கந்தானுங்க" என்று பதில் வரும். நடந்து பார்த்தால் இரண்டு கிலோமீட்டர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காலுக்கு அது பக்கம்தான். தோட்டத்தின் பெயரும் உதவாது. மேட்டுத் தோட்டம், பெரிய தோட்டம், புதுத் தோட்டம் என்ற மூன்றும் எந்த ஊரிலும் இருக்கும்.

வீடுகள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் உண்டு. இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. விவசாயம் பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருந்தது. மோட்டார் வருமுன் மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்தார்கள். விடியுமுன்னே தொடங்குகிற வேலை அது. கிணற்றடியிலேயே குடியிருந்தால்தான் முடியும். ஆகவே தோட்டத்தில் ஒரு சாளை போட்டு அங்கேயே தங்கினார்கள். இன்று கவலை போய்விட்டது. (இறைக்கிற கவலையைச் சொல்கிறோம், மற்றக் கவலை அப்படியே இருக்கிறது.) சாளை ஓட்டு வீடாகி, கான்கிரீட் வீடாகி, அதே கிணற்றடியில் நிற்கிறது.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. தார்ச்சாலை வரை வண்டி வேகமாக வந்துவிடும். அதற்குப் பிறகு எந்த மேட்டுத் தோட்டம் என்று தேடவேண்டும். ஆகையால் எங்களிடம் வருகிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறோம்: போன் செய்த உடனே வீட்டில் ஒருவர் டார்ச் லைட்டுடன் முக்கு ரோட்டுக்கு ஓடி நிற்கவேண்டும்.

தோட்டங்களுக்கு நடுவே வேலியடைத்த மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், மேய்ப்பன் தேவையில்லை. மேய்ப்பனைப் பற்றி அடிக்கடி பிரசங்கிக்கிற எங்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்! விருந்தாளி இங்கே கற்கவேண்டிய முதல் மரியாதை, திறந்த படலைச் சாத்திவிட்டு வருவது. காங்கயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். "போன தடவை பார்த்த அந்தச் செவலைக் கன்றை விற்றுவிட்டீர்களா?" என்று ஒரு நண்பர் அனுதாபத்தோடு கேட்டார். அந்தக் கன்று அவருக்கு முன்னால்தான் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் காட்டு வாழ்க்கையின்மேல் பனியன் கம்பெனியின் கடிகாரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. காலையிலேயே கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும். ஒரு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி. வாரச் சம்பளம் சனிக்கிழமை. ஆகவே கறி எடுப்பது, துணி துவைப்பது, முடி வெட்டுவது, பெண் பார்ப்பது, வியாதியை டாக்டரிடம் காட்டுவது ஆகிய யாவும் ஞாயிறு ஒரே நாளில் நடக்கவேண்டும். புதன்கிழமை வந்த காய்ச்சல் ஞாயிறு வரை பொறுமையாகக் காத்திருக்கும். கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு தாமதமானால் ஞாயிறும் வேலை உண்டு. ஆராதனையில் காலியான பெஞ்சுகளை எண்ணியே ஏற்றுமதி நிலவரத்தை நாங்கள் அறிந்துகொள்கிறோம்.

உடை விஷயம் தனி வேடிக்கை. ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன்கள் திருப்பூர் காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும். ஆடு மேய்க்கும் பெரியவரின் தலையில் உருமாலை, இடுப்பில் வேட்டி, மார்பிலோ ஏதோ ஒரு ஜெர்மன் கால்பந்துக் குழுவின் பெயர். சோளக்காட்டுப் பொம்மைக்கும் அதே குழுதான். வெட்டி எஞ்சிய துண்டுத் துணிகளுக்குக் கணக்கே இல்லை. தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டவும், படலை இழுத்துக் கட்டவும், வண்டி துடைக்கவும், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கவும் வேறெதையும் தேடவேண்டியதில்லை. இந்தத் துணியைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

இனி இரவுக்கு வருவோம். கிணறு வற்ற வற்ற, விவசாயியின் உயிர் மின்சாரத்தோடு கட்டப்பட்டுவிட்டது. 1970-ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. ஆனால் மோட்டார் ஓடுவதற்கான மும்முனை மின்சாரம் நெடுங்காலம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்றே வந்தது. இரவில் கரண்ட் வந்தால் இரவில் எழுந்து போகவேண்டும். 2021-ல் இருபத்துநான்கு மணி நேரமும் தருவதாக அரசு அறிவித்தது. என்றாலும் இரவு நடை முழுவதும் நின்றபாடில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் நான்கு மண்டலங்களாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் வந்து போனால் மறுபடி வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். அப்படிப்பட்ட தண்ணீர் நம் மடைக்கு நள்ளிரவில் வந்தால், விடியட்டும் என்று யார் படுத்திருப்பார்கள்?

மகனும் மருமகளும் ஒன்றரை ஷிப்ட் முடித்து அயர்ந்து தூங்குவார்கள். ஆகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர் அறுபதைத் தாண்டிய பெரியவரே. பல நேரம் காலில் செருப்பு இராது. டார்ச் லைட் இருந்தாலும் பேட்டரியை மிச்சம் பிடிப்பார். எலியைத் தேடிப் பாம்பும் அதே வரப்பில் அதே நேரத்தில் வரும்.

கடிபட்டவர் எங்களிடம் வந்து சேரும்போது, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே ஒரு பனியன் துணி இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அன்போடு கட்டியதுதான். ஆனால் அது உதவுவதில்லை. இரத்த ஓட்டம் நின்று, விரியன் விஷத்தால் ஏற்கெனவே வீங்குகிற கால் மேலும் கெட்டு, சதை அழுகிவிடக்கூடும். திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். அதனால் கட்டு போட்டு வந்துவிட்டால், அதை வழியில் அவிழ்க்காமல் டாக்டர் முன்னிலையில் அவிழ்க்கவேண்டும். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு குச்சியை வைத்துக் காலை அசையாமல், ஆனால் விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டவேண்டும். அதற்கு பனியன் துணி மிகவும் பொருத்தம்! கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள்.

பாம்பை அடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்த நேரம் வீண். இரண்டாவது ஆள் கடிபடவும் வாய்ப்புண்டு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே முறிவு மருந்துதான். சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். உறையாவிட்டால் விரியன் விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது என்று அறிவோம். இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதனால் ஒவ்வொரு கடியும் இப்போது கணக்கில் ஏறவேண்டும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது வரப்பில் காத்திருப்பதில்லை. வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி அதிகம் இராது, வீக்கமும் இராது, கடிவாய்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. இராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். கண் இமை தொங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, கஷாயத்தை வைத்துவிட்டு உடனே புறப்படவேண்டும். கம்பெனியிலிருந்து திரும்பிக் களைத்துத் தரையிலேயே சாய்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது கயிற்றுக் கட்டில். கட்டில் இல்லாத வீட்டில், கொசுவலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுத்தால் போதும்.