ஈடு வைக்க முடியாத உறுதி (தொடர் – 6)

ஒரு நகரில் முதலிட்டு, ஆட்களை வேலைக்கு அமர்த்தி, உற்பத்தியை நடத்துவதற்குச் சட்டமும் நிர்வாகமும் நிலமும் கடனும் எவ்வளவு இடங்கொடுக்கின்றன என்பதையே பொருளியலாளர் தொழிற்சூழல் என்கின்றனர். இதை அளப்பதற்கென உலக வங்கி 2003 முதல் வெளியிட்டு, தரவுகளில் முறைகேடுகள் வெளிப்பட்டதால் 2021 செப்டெம்பரில் கைவிட்ட 'வணிகம் செய்தல்' அறிக்கை, கட்டட அனுமதி, மின்னிணைப்பு, ஒப்பந்த அமலாக்கம் போன்றவற்றை இலங்கை போன்ற நாடுகளில் மிகப் பெரிய வணிக நகரில் மட்டுமே ஆராய்ந்தது. எனவே 2020ஆம் ஆண்டு அறிக்கையில் 190 நாடுகளுள் இலங்கைக்குக் கிடைத்த 99ஆம் இடம் கொழும்பின் இடமேயன்றி யாழ்ப்பாணத்தினதன்று. 1929இல் தொடங்கி இன்று ராஜகிரியவிலிருந்து இயங்கும் முதலாளிமார் சம்மேளனமும் முதன்மையாகப் பெருநிறுவனங்களின் குரலாகவே ஒலித்துவருகிறது.

யாழ்ப்பாணத்துக் கைத்தொழில் முயற்சியாளரின் கவலைகள் வேறு. போருக்குப் பின் ஏ9 பாதை திறந்ததும், 2014இல் புகையிரதம் மீண்டதும், 2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் இயங்கத் தொடங்கியதும் தடைகள் நீங்கியதாகத் தெற்கில் கருதப்பட்டது. ஆனால் அதே பாதையால் தெற்கின் பெருந்தொழிற்சாலைப் பொருட்கள் வந்து, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது உள்ளூர்ச் சந்தையை நம்பி வளர்ந்த சிறு உற்பத்தியாளருடன் போட்டியிட்டன. அரச வேலையையும் வெளிநாட்டையும் நாடும் இளைஞரைத் தொழிற்சாலையில் தக்கவைப்பதும் எளிதன்று.

எனினும் எல்லாவற்றிலும் ஆழமான தடை கடனே. போரில் முடங்கிய அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை 2014இல் இந்திய உதவியுடன் மீளத் திறக்கப்பட்டது. அங்கே இடம் கிடைத்தவருக்கும் இயந்திரம் வாங்கக் கடன் வேண்டும், வங்கியோ அசையாச் சொத்தை ஈடாகக் கேட்கும். ஆனால் இடப்பெயர்வில் காணி உறுதிகள் தொலைந்தன. வலிகாமம் வடக்கில் 1990 முதல் படையினர் வசமிருந்த காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. பிரிக்கப்படாத காணியின் பங்காளிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கையில், ஒவ்வொருவரிடமும் அற்றோணித் தத்துவம், அதாவது தம் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம், பெற்றாக வேண்டும்.

பெண் முயற்சியாளருக்கு இன்னொரு கதவும் பூட்டியிருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, வடமாகாணத் தமிழரின் தனியாள் சட்டம்; அதனோடு சேர்த்து வாசிக்கப்படும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவர் கைவிட்டிருந்தாலோ அவரது இருப்பிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அச்சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெறலாம். ஆனால் காணாமலாக்கப்பட்ட கணவரைப் பல்லாண்டு தேடிய ஒரு பெண், தன் சீதனக் காணியில் சிறு தையலகம் தொடங்க நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பது பெருங்கொடுமை. புதிய பேட்டைகளுக்கு முன்னதாக இந்தச் சம்மத ஏற்பாடே நீக்கப்பட வேண்டும்.

பொதுச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண்ணுக்குக் கணவரின் சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றும் உரிமை 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கிடைத்துவிட்டது. தேசவழமைக்குட்பட்டவருக்கு அது பொருந்தாது. தனியாள் சட்டம் ஆளைத் தொடர்வதால், அவர் கொழும்பின் பொரளையில் வாங்கிய காணியை ஈடுவைப்பதற்கும் கணவரின் கையொப்பம் கேட்கப்படும்.