பதினாறு கட்டங்களில் ஒரு நடனம்

மின்னணு நடன இசை அமைக்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கடைக்கு ஓடுகிறார்கள். அவசரமே இல்லை.

வானவடி, புணேயின் ராணுவப் பகுதியை ஒட்டிய குடியிருப்பு. மராட்டியத் தளபதி மகாதஜி ஷிண்டேயின் நினைவு மண்டபம் இருக்கும் இடம். ஆனால் இங்குள்ள இளைஞர்களின் காதில் ஒலிப்பது வேறு. என்எச்7 வீக்கெண்டர் இசை விழா 2010-ல் புணேயில்தான் தொடங்கியது. சன்பர்ன் நடன இசை விழா 2016-ல் கோவாவை விட்டு இந்த நகருக்கு வந்து மூன்று ஆண்டுகள் நடந்தது. மேடையில் ஒற்றை ஆள். கீழே ஆடும் பெருங்கூட்டம். 'நாமும் செய்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்பு. அடுத்த கேள்விதான் சம்பளத்தை விழுங்குகிறது: 'என்னென்ன வாங்க வேண்டும்?'

பதில் மும்பையில் இருக்கிறது. இந்திப் படங்களுக்கு கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து எச்எம்வி இசைத்தட்டாக வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளே அவரது இசைக்குழு: டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பேஸ் கருவி, ஜூபிடர்-8 சின்தசைசர். தட்டு விற்கவில்லை.

டிபி-303-ம் விற்கவில்லை. துணைக்கு பேஸ் வாசிக்க ஆளில்லாத கிட்டார் கலைஞர்களுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவி 1984-ல் நிறுத்தப்பட்டு, பழைய பொருளாக மலிவு விலைக்குப் போனது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபியூச்சர் என்ற குழுவினர் அதன் குமிழ்களைக் கண்டபடி திருகிப் பார்த்தனர். பிறந்தது 'ஆசிட்' இசை. அவர்களது தட்டு வெளியானது 1987-ல். ஒரே கருவிதான். சிங்கிடம் ராக ஞானம் இருந்தது. சிகாகோக்காரர்களிடம் ஆர்வம் இருந்தது. இரண்டையும் கடையில் விற்பதில்லை.

இன்று அந்தக் கருவிகளின் வேலையை ஒரு சாதாரண கம்ப்யூட்டரே செய்துவிடும். எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு கேரேஜ்பேண்ட் இலவசம். கூடவே ஒரு சுமாரான ஹெட்ஃபோன். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

திரையில் பதினாறு கட்டங்கள் தெரியும். வேகத்தை நிமிடத்துக்கு 120 அடியாக வையுங்கள். 1, 5, 9, 13-வது கட்டங்களில் 'கிக்' எனப்படும் கனத்த அடி. 5, 13-ல் கைதட்டல். 3, 7, 11, 15-ல் தகட்டு ஒலி. 'ஹவுஸ்' இசையின் எலும்புக்கூடு தயார். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சதுஸ்ர நடையில் ஆதி தாளத்துக்கு 32 மாத்திரை. இது அதில் சரிபாதி.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இந்தப் பதினாறு கட்டங்கள் ஓடி முடிய இரண்டே விநாடி. ஆறு நிமிடப் பாடலுக்கு இப்படி 180 சுற்றுகள் வேண்டும். எங்கே கிக்கை நிறுத்துவது, எங்கே திரும்பக் கொண்டுவருவது என்ற கணக்கில்தான் கூட்டம் ஆடுவதும் உட்காருவதும் இருக்கிறது. பலர் இரண்டு விநாடியை மெருகேற்றிக்கொண்டே மாதங்களைக் கழிக்கிறார்கள். பிறகு பழியைக் கருவி மீது போட்டு இன்னொன்று வாங்குகிறார்கள். இதற்குச் சுலபமான பயிற்சி ஒன்று உண்டு. பிடித்த பாடலை ஓடவிட்டு, எந்த ஒலி எந்தச் சுற்றில் நுழைகிறது, எதில் விலகுகிறது என்று தாளில் குறியுங்கள். அதே அளவில் உங்கள் பாடலை அடுக்குங்கள். நன்றாக இல்லாவிட்டாலும் முடித்துவிடுங்கள்.

ஒரே எச்சரிக்கை, காது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெட்ஃபோன் ஒலியைக் குறைத்தே வையுங்கள். மற்றதையெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இதை முடியாது.

சரண்ஜித் சிங்கின் தட்டு 2010-ல் ஐரோப்பாவில் மறுவெளியீடு கண்டது. சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே மும்பையில் இந்த ஒலியா என்று உலகம் வியந்தது. எழுபது வயதைக் கடந்த பிறகு அவர் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார், 2015-ல் காலமானார். யாரும் கேட்காத அந்தப் பத்து ராகங்களையும் அவர் 1982-ல் முடித்து வைத்திருந்தார். அதனால்தான் 28 ஆண்டுகள் கழித்துத் தேடியவர்களுக்குக் கிடைத்தது.